வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மகள்

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. 16 வயதிலிருந்து வலிப்பு. வரன் பார்க்கிறோம் என்றதும் டாக்டர் வால்ப்ரோயேட்டைப் படிப்படியாக நிறுத்தி லெவெடிராசிட்டம் கொடுத்தார். நான்கு மாதமாக வலிப்பே இல்லை. ஆனால் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறாள். போன வாரம் சாப்பாட்டுத் தட்டை விசிறியடித்ததில் சாம்பார் சுவரெல்லாம் தெறித்தது. ‘நான் போய்ச் சேர்ந்தா உங்களுக்கு நிம்மதி’ என்று அழுகிறாள். மாதாமாதம் டாக்டரிடம் போகிறோம். கூச்சப்படுவாள் என்று அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு நானே பேசிவிடுவேன். பழைய மாத்திரை ஓர் அட்டை மிச்சம் இருக்கிறது. அதையே கொடுக்கலாமா? இல்லை, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேனா?

பதில்: அம்மா, சாம்பார் தெறித்ததை எழுதிய நீங்கள், மகளை வெளியே உட்காரவைத்ததைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு உறுத்துவது அதுதான்.

உள்ளே என்ன நடந்திருக்கும்? ‘ஃபிட்ஸ் வந்ததா?’ ‘இல்லைங்க டாக்டர்.’ ‘அதே மாத்திரையைத் தொடருங்க.’ இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கோபத்தை நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். அதை வளர்ப்புக் கோளாறு என்றல்லவா நினைத்தீர்கள்! தனக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள், டோக்கனைக் கையில் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

லெவெடிராசிட்டம் நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்கு எரிச்சல், ஆத்திரம், மனச்சோர்வு கொண்டுவரும். சாக வேண்டும் என்ற நினைப்பு வரைக்கும் போகும். 2008-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வலிப்பு மாத்திரைகளுக்கு இந்த எச்சரிக்கையைக் கொடுத்திருக்கிறது. டாக்டர் நினைத்தால் அளவைக் குறைப்பார், வேறு மருந்துக்கு மெல்ல மாற்றுவார், மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வார். அவர் காதுக்கு விஷயம் போனால்தானே?

மிச்சம் இருக்கிற அட்டையைத் தொடாதீர்கள். கர்ப்பத்தின்போது வால்ப்ரோயேட் சாப்பிட்டால், பிறக்கிற பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு உடற்குறை வரலாம். வரன் பார்க்கிறோம் என்றதும் டாக்டர் அதை மாற்றியது அதனால்தான் இருக்கும். புது மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுக்கடுக்காக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கூச்சம் என்கிறீர்களே, அவளைக் கேட்டீர்களா? அது உங்கள் கூச்சம், அம்மா. பேசத் தெரியாத வயதில் பிள்ளைக்காகப் பேசுவது தாயின் கடமை. கல்யாணம் செய்துகொடுக்கிற வயதிலும் அவள் வாயை நீங்களே வைத்துக்கொண்டால் அது கடமையில்லை, அநியாயம். நாளைக்கு மாமியாரும் இதையே செய்தால் சம்மதிப்பீர்களா?

அவள் சாவைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அடுத்த மாதம் வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே போங்கள். அதுவரை அவளைத் தனியாக விட வேண்டாம். எல்லா மாத்திரைகளையும் பூட்டி வைத்து, வேளைக்கு வேளை கையில் கொடுங்கள். ராத்திரியில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416, டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நிலைமை கைமீறினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

டாக்டர் அறைக்குள் முதலில் அவள் போகட்டும். கூப்பிட்ட பிறகு நீங்கள் போய், தட்டை எறிந்ததையும் அவள் சொன்ன அந்த வார்த்தையையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பெஞ்சில் நீங்கள் உட்காருங்கள்.