சோறும் வைக்கோலும் ஒரே குளுக்கோசுதானா?
வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளுட் பெரும்பாலானவை க.பொ.த. உயர்தர உயிரியலின் தொடக்கப் பகுதியான கலமும் உயிரியல் மூலக்கூறுகளும் பற்றியவை. வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த கேள்விகளாயினும் அவற்றுட் பலவற்றுக்கு விடை ஓரிடத்திலேயே இருக்கிறது: எந்தக் கூறு எந்தக் கூறுடன் எவ்வகைப் பிணைப்பால் இணைகிறது, அந்த இணைப்பால் எவ்வுருவம் கிடைக்கிறது என்பதிலேயே அது இருக்கிறது. அதனாற் சில கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே விடை தந்திருக்கிறேன்.

கேள்வி: மாப்பொருளும் செலுலோசும் குளுக்கோசினால் ஆனவை என்று படித்திருக்கிறோம். அப்படியானால் சோறு நமக்கு உணவாவதும் வைக்கோல் உணவாகாததும் ஏன்? அல்பா, பீற்றா என்று மனனம் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் அவ்வளவு சிறிய வேறுபாடு இவ்வளவு பெரிய விளைவைத் தருமென்று நம்ப முடியவில்லை.
- உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: நம்ப முடியவில்லை என்று நீங்கள் எழுதியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. மனனம் செய்ததோடு நின்றுவிடாமல் அதன்மீது ஐயம் கொண்டவரால்தான் இக்கேள்வியைக் கேட்க முடியும்.

குளுக்கோசு வளையத்தில் முதலாம் காபனுடன் இணைந்துள்ள ஐதரொட்சில் கூட்டம் வளையத்தின் தளத்துக்குக் கீழே இருந்தால் அது அல்பா குளுக்கோசு. மேலே இருந்தால் பீற்றா குளுக்கோசு. ஒரு குளுக்கோசின் முதலாம் காபனுக்கும் அடுத்த குளுக்கோசின் நான்காம் காபனுக்கும் இடையில் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும்போது கிளைக்கோசைட்டுப் பிணைப்பு உண்டாகிறது. அல்பா குளுக்கோசுகள் இவ்வாறு இணையும்போது ஒவ்வோர் இணைப்பிலும் சங்கிலி சிறிது வளைவதால் அது சுருளாகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6 குளுக்கோசுகள் அமைகின்றன. மாப்பொருளின் ஒரு பகுதியான அமைலோசு இப்படிப்பட்ட சுருளே. அயடீன் கரைசலை இட்டால் அது கருநீலமாவதற்கும் அச்சுருளின் உட்குழியில் அயடீன் சென்று தங்குவதே காரணம்.

இனி, பீற்றா குளுக்கோசுகளை அதே முதலாம், நான்காம் காபன்களின் வழியே இணைத்துப் பாருங்கள். ஐதரொட்சில் கூட்டங்கள் ஒன்றையொன்று எட்ட வேண்டுமானால், ஒன்றுவிட்ட ஒவ்வொரு குளுக்கோசும் தலைகீழாகத் திரும்பி நிற்க வேண்டும். அப்படி மாறிமாறி நிற்பதால் வளைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்ய, சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் அருகருகே அடுக்கப்படும்போது அவற்றுக்கிடையே எண்ணற்ற ஐதரசன் பிணைப்புகள் உண்டாகி, அவை நுண்ணார்களாக இறுகுகின்றன. தனித்தனியே ஒவ்வோர் ஐதரசன் பிணைப்பும் நலிந்தது. ஆயிரக்கணக்கில் சேரும்போது அதுவே மரத்தைத் தாங்கி நிறுத்துகிறது. குளுக்கோசு நீரில் உடனே கரையும். ஆனால் பெரும்பாலும் செலுலோசினாலான பருத்திச் சேலையை எத்தனை முறை துவைத்தாலும் அது கரைவதில்லை.

சமிபாட்டைப் பொறுத்தவரை, நமது உமிழ்நீரிலும் கணையச் சாற்றிலும் உள்ள அமைலேசு என்னும் நொதியத்தின் உயிர்ப்பு மையம் அல்பா பிணைப்பின் வடிவத்துக்கே பொருந்தும். பீற்றா பிணைப்பை உடைக்கும் செலுலேசை மனித உடல் ஆக்குவதில்லை. மாடும் அதனைத் தானாக ஆக்குவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாட்டின் இரைப்பையின் முதல் அறையில் வாழும் நுண்ணங்கிகளே அவ்வேலையைச் செய்கின்றன. வைக்கோலில் செலுலோசுடன், கலச்சுவரை வன்மையாக்கும் இலிக்னின் என்னும் பொருளும் சேர்ந்திருப்பதால் அதனைச் சிதைப்பது அந்நுண்ணங்கிகளுக்கும் எளிதன்று.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கறி எதுவுமில்லாமல் ஒரு வாய்ச் சோற்றை விழுங்காமல் ஓரிரு நிமிடம் மென்றுகொண்டிருந்தால் இலேசான இனிப்பு தோன்றும். அமைலேசு மாப்பொருளை, இரண்டு குளுக்கோசுகள் இணைந்த மோற்றோசு என்னும் வெல்லமாக உடைத்ததன் சுவை அது. காகிதத்தை எவ்வளவு நேரம் மென்றாலும் அவ்வினிப்பு வராது.

இதே வழியில் சிந்தித்தால் செய்முறைப் பரீட்சையில் மாணவர் தடுமாறும் இன்னோர் இடமும் தெளிவாகும். சமையலறைச் சீனி, அதாவது சுக்குரோசு, தாழ்த்தும் வெல்லங்களைக் கண்டறியப் பயன்படும் பெனடிக்ற் கரைசலுடன் நிறமாற்றத்தைத் தருவதில்லை. தாழ்த்தும் இயல்புக்குக் காரணமான குளுக்கோசின் முதலாம் காபனும் பிரற்றோசின் இரண்டாம் காபனும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டமையால், தாழ்த்துவதற்கு எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. ஐதான அமிலத்துடன் கொதிக்கவைத்து அப்பிணைப்பை உடைத்து, பின்னர் அமிலத்தை நடுநிலையாக்கிச் சோதித்தால் செங்கட்டிச் சிவப்பு வீழ்படிவு தோன்றும்.

கேள்வி: மகனுக்காக இந்தியாவில் அச்சான உயிரியல் நூலொன்றை வாங்கினேன். அதில் உயிரணு, மைட்டோகாண்ட்ரியா, சவ்வூடு பரவல் என்றிருக்கிறது. பாடசாலையில் வேறு சொற்களைச் சொல்கிறார்கள். எதனைப் பின்பற்றுவது?
- தந்தை, கொட்டாஞ்சேனை

பதில்: பொருள் ஒன்றே. உயிரணு என்பது இங்கே கலம், மைட்டோகாண்ட்ரியா இழைமணி, சவ்வூடு பரவல் பிரசாரணம், நொதி நொதியம், கார்போஹைட்ரேட் காபோவைதரேற்று. இலங்கைப் பரீட்சைக்கு எழுதும் மாணவர், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் நூல்களில் உள்ள சொற்களையே விடைத்தாளில் பயன்படுத்த வேண்டும். அதற்காக இந்திய நூலை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு கருத்தை இரண்டு சொற்களில் அறிந்த பிள்ளை அச்சொற்களுக்குப் பின்னாலுள்ள பொருளைப் பற்றிக்கொள்ளும். ஒரே விடையில் இரண்டையும் கலந்து எழுதுவதை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நிரம்பிய கொழுப்பு அறை வெப்பநிலையில் திண்மமாகவும் நிரம்பாத கொழுப்பு திரவமாகவும் இருக்கும் என்று மகளின் குறிப்பில் உள்ளது. எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் திரவமாகத்தானே இருக்கிறது? அப்படியானால் அது நிரம்பாததா? இதயத்துக்கு நல்லதா?
- தாய், தெஹிவளை

பதில்: தேங்காய் எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் நிரம்பியவை, அதாவது காபன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாதவை. குறிப்பிலுள்ள விதி தவறன்று; அது முழுமையற்றது.

கொழுப்பின் உருகுநிலையை இரண்டு காரணிகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, கொழுப்பமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு உண்டா என்பது. இரட்டைப் பிணைப்பு இருக்குமிடத்தில் சங்கிலி மடங்கிவிடுவதால் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்பட முடியாது. இரண்டாவது, சங்கிலியின் நீளம். சங்கிலி குறுகியதாக இருந்தால் அயல் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் மேற்பரப்புக் குறைவு. ஆகவே குறைந்த வெப்பத்திலேயே அவை பிரிந்துவிடும். 18 காபன்களைக் கொண்ட, நிரம்பிய ஸ்தியரிக்கமிலம் ஏறத்தாழ 69 பாகை செல்சியசில் உருகுகிறது. அதே 18 காபன்களுடன் ஒரேயோர் இரட்டைப் பிணைப்பைக் கொண்ட ஒலெயிக்கமிலம் ஏறத்தாழ 13 பாகையிலேயே உருகிவிடுகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பாதி, 12 காபன்களை மட்டுமே கொண்ட லோரிக்கமிலம். அது தனித்து 44 பாகையளவில் உருகும். அதனோடு 8, 10 காபன்களைக் கொண்ட இன்னும் குறுகிய அமிலங்களும் சிறிதளவு ஒலெயிக்கமிலமும் கலந்திருப்பதால், எண்ணெயின் உருகுநிலை 24, 25 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கொழும்பின் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதற்கு மேலேயே இருப்பதால் உங்கள் போத்தலில் அது திரவமாகத் தெரிகிறது. அதே போத்தலை நுவரெலியாவில் ஓரிரவு வைத்துப் பாருங்கள். விடியும்போது வெண்மெழுகாக உறைந்திருக்கும். அறை வெப்பநிலை என்பது எந்த ஊரின் அறை என்பதையும் பொறுத்தது என்று மகளின் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இதயம் பற்றிய கேள்விக்கு, திரவமாக இருப்பது நலத்துக்கு அடையாளமாகாது என்பதே விடை. நாள் ஒன்றுக்குப் பெறும் சக்தியில் நிரம்பிய கொழுப்பின் பங்கு 10 சதவீதத்துக்கு மேற்படாதிருக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தேங்காய் எண்ணெயும் அக்கணக்கிலேயே சேர்கிறது. கொலஸ்திரோல் கூடியவர் தமது வைத்தியரின் ஆலோசனைப்படி அளவைத் தீர்மானிப்பதே முறை.

கலத்தைப் படிப்பவருக்கு இவ்விதி சமையலறையோடு முடிவதில்லை. கலமென்சவ்வு, கொழுப்பமில வால்களைக் கொண்ட பொசுபோலிப்பிட்டுகளின் இரட்டைப் படையாலானது. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த பாய்ம சித்திர வடிவ மாதிரியுருவின்படி அப்படையில் மூலக்கூறுகள் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்கின்றன. குளிர்ந்த நீரில் வாழும் மீனின் சவ்வு உறைந்து விறைக்காமல் இருப்பதற்கு, அதில் இரட்டைப் பிணைப்புடைய கொழுப்பமிலங்கள் மிகுந்திருப்பதே காரணம். ஒலெயிக்கமிலத்தைத் திரவமாக்கும் அதே மடிப்புத்தான் அச்சவ்வையும் இளக்கமாக வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். இலிப்பிட்டுகளைப் பல்பகுதியம் என்று எழுதும் பிழை ஆண்டுதோறும் விடைத்தாள்களில் வருகிறது. ஒரு கிளிசரோலுடன் மூன்று கொழுப்பமிலங்கள் எசுத்தர்ப் பிணைப்பால் இணைந்து மூன்று நீர் மூலக்கூறுகள் வெளியேறுவதோடு அந்த மூலக்கூறு நிறைவடைகிறது. ஒரே அலகு மீண்டும் மீண்டும் தொடர்வதில்லை; ஆகவே அது பல்பகுதியமன்று.

கேள்வி: முட்டையை அவித்தால் புரதம் அழிந்துவிடும், பச்சையாகக் குடிப்பதே நல்லது என்று உடற்பயிற்சி நிலையத்தில் சொல்கிறார்கள். உண்மையா?
- இளைஞர், மருதானை

பதில்: உண்மையன்று. அவிக்கும்போது குலைவது புரதச் சங்கிலியின் மடிப்பே, சங்கிலி அறுவதில்லை. அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோக்கும் பெப்தைட்டுப் பிணைப்பு கொதிநீரின் வெப்பத்தைத் தாங்கும். மடிப்பைத் தாங்கிநிற்கும் ஐதரசன் பிணைப்புகளும் நீர்வெறுப்புக் கவர்ச்சிகளும் 60 பாகையைத் தாண்டியதும் தளர்கின்றன. விரிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் தெளிவாயிருந்த கரு சூழ்ந்த வெள்ளை, வெண்ணிறத் திண்மமாகிறது. மடிப்பை இழந்த சங்கிலியைச் சமிபாட்டு நொதியங்கள் எளிதில் அணுகுமாதலால் அவித்த முட்டையின் புரதமே நன்கு அகத்துறிஞ்சப்படுகிறது. மேலும் பச்சை முட்டையின் வெள்ளையிலுள்ள அவிடின் என்னும் புரதம் பயோற்றின் விற்றமினைப் பற்றிக்கொண்டு உடலுக்குக் கிடைக்காமற் செய்யும். சல்மனெல்லா பற்றீரியாவின் ஆபத்தும் உண்டு. அவித்தே உண்ணுங்கள்.

கேள்வி: பற்றீரியாவின் 70 எஸ் றைபோசோம் (கலத்தில் புரதங்களை ஆக்கும் துணிக்கை), 50 எஸ், 30 எஸ் என்ற இரு துணையலகுகளாலானது என்கிறார்கள். 50உம் 30உம் சேர்ந்தால் 80 அல்லவா? அச்சுப்பிழையா?
- மாணவன், பம்பலப்பிட்டி

பதில்: அச்சுப்பிழையன்று. எஸ் என்பது திணிவின் அலகன்று. அதிவேக மையநீக்கியில் சுழற்றும்போது ஒரு துணிக்கை எவ்வளவு விரைவாகப் படிகிறது என்பதைக் குறிக்கும் சுவெட்பேக் அலகு அது. 1926இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற சுவீடன் அறிஞர் தியோடர் சுவெட்பேக்கின் பெயரால் அது வழங்குகிறது. படியும் விரைவு திணிவில் மட்டுமன்றி வடிவத்திலும் தங்கியுள்ளது. இரண்டு துணையலகுகள் பொருந்தும்போது அவற்றின் மேற்பரப்பின் ஒரு பகுதி உள்ளே மறைந்துவிடுவதால், விரைவு இரண்டின் கூட்டுத்தொகையாக உயர்வதில்லை. நமது குழியவுருவிலுள்ள 80 எஸ் றைபோசோமும் 60 எஸ், 40 எஸ் என்ற துணையலகுகளாலானதே. இவ்வெண்களைக் கூட்டிச் சரிபார்க்க முயலாதீர்கள்.

கேள்வி: உயிருள்ள எதுவும் கலங்களாலானது என்றால், காலி வீதியில் வாங்கிக் குடிக்கும் இளநீர் எதனாலானது?
- எட்டாம் வகுப்பு மாணவி, கொள்ளுப்பிட்டி

பதில்: அழகான கேள்வி. இளநீர், தென்னையின் முளையத்துக்கு உணவூட்டும் வித்தகவிழையத்தின் திரவப் பகுதி. கருக்கட்டலின் பின் அவ்விழையத்தின் கரு, அதாவது கலத்தின் உள்ளிருந்து அதன் செயல்களைக் கட்டுப்படுத்தும் பகுதி, மீண்டும் மீண்டும் பிரிகிறது. ஆனால் கருக்களுக்கிடையே சுவர்கள் உடனே எழுவதில்லை. ஆகவே இளங்காயின் நீரில் பல கருக்கள் சுவரின்றி மிதந்துகொண்டிருக்கின்றன. காய் வளர வளர அக்கருக்கள் ஓட்டின் உட்புறமாக ஒதுங்க, அவற்றைச் சுற்றிச் சுவர்கள் தோன்றிக் கலங்கள் உருவாகின்றன. அடுத்த முறை குடித்து முடித்ததும் காயைப் பிளந்து தரச் சொல்லி, உட்புறத்தில் படிந்திருக்கும் வழுக்கலைக் கரண்டியால் வழித்துப் பாருங்கள். சுவர் பெற்றுக் கலங்களாகத் தொடங்கிய பகுதி அதுதான்.