சங்கு ஒன்று, வேலை வேறு: டாக்டர் பதில்கள்

கொழுந்து எடுக்கும்போது புதருக்கு அந்தப் பக்கம் காட்டெருமை நின்றது டாக்டர். நெஞ்சு அடித்துக்கொண்டது, கை சில்லிட்டது, வேர்த்துக் கொட்டியது. ஒரு பயத்துக்கு இத்தனையா? (குன்னூர்)

எஸ்டேட்டில் சாயங்காலச் சங்கு ஊதினால் நீங்கள் கூடையை எடைக்குக் கொண்டுபோவீர்கள். காப்பக ஆயா குழந்தைகளை அனுப்பத் தயாராவார். பயத்தில் உடம்பு சுரக்கும் அட்ரினலினும் அப்படித்தான். அதைக் கேட்கிற ஏற்பியை, அதாவது செல்லின் காதைப், பொறுத்து வேலை மாறும். இந்த ஏற்பிகளை ஆல்ஃபா, பீட்டா என்று 1948-ல் பிரித்துச் சொன்னவர் அமெரிக்க மருந்தியலாளர் ஆல்க்விஸ்ட். தோலின் ரத்தக்குழாய்களை ஆல்ஃபா 1 இறுக்கும். அதனால் கை சில்லிட்டது. இதயத்தை விரட்டுவது பீட்டா 1. மூச்சுக்குழாயை அகலமாக்குவது பீட்டா 2, ஓட வேண்டுமே!

வேர்வை கொஞ்சம் விசித்திரம். அதைச் சுரக்க வைப்பதும் பயத்தில் உடம்பை உசுப்பும் அதே பரிவு நரம்புதான், ஆனால் பெரும்பாலும் அசிட்டைல்கோலின் என்ற வேறு வேதிப்பொருள் வழியாக.

இன்ஹேலர் அடித்ததும் விரல் நடுங்குகிறது. டீ டம்ளர் கூடத் தளும்புகிறது. (கோத்தகிரி)

சால்பியூட்டமால்தானே? அது தேடிப் போகும் பீட்டா 2 கைத்தசையிலும் இருக்கிறது. சிறிது நேரத்தில் அடங்கிவிடும், பயம் வேண்டாம். வழக்கத்தைவிட அடிக்கடி இன்ஹேலர் தேவைப்பட்டால் மட்டும் உடனே காட்டுங்கள்.

அண்ணனுக்கு ஒற்றைத் தலைவலிக்குக் கொடுத்த ப்ரோப்ரனலாலை நானும் போடலாமா? எனக்கு ஆஸ்துமா உண்டு. (கொடைக்கானல்)

கூடவே கூடாது, தம்பி. அருமையான மருந்துதான், இதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் கிடைத்தது. ஆனால் அது பீட்டா 1, பீட்டா 2 இரண்டையுமே அடைக்கும். இதயம் நிதானமாகும், உங்களுக்கோ மூச்சுக்குழாய் இறுகிவிடும். அப்போது இன்ஹேலரும் சரியாகக் கேட்காது.

சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த மாத்திரையோடு சர்க்கரை தாழ்ந்தால் படபடப்பு, நடுக்கம் தெரியாமல் போகலாம். வேர்வை மட்டும் வரும். காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது.

குளிரில் ரோமம் குத்திட்டு நிற்பதும் இந்த ஏற்பிகளாலா? (ஊட்டி)

ஆமாம். ஆல்ஃபா 1.

அப்பாவுக்கு 68 வயது, ப்ராஸ்டேட் வீக்கம். சளிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை போட்ட ராத்திரி சிறுநீர் அடைத்துக்கொண்டது. சளி மாத்திரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? (குன்னூர்)

மலையில் சளிக்குப் பஞ்சமில்லை, ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள். அந்த அட்டையின் பின்பக்கம் ஃபினைலெஃப்ரின் என்று இருக்கிறதா பாருங்கள். மூக்கின் ரத்தக்குழாயைச் சுருக்கி அடைப்பை எடுக்கும் ஆல்ஃபா 1 தூண்டி அது. மூத்திரப்பையின் கழுத்திலும் ப்ராஸ்டேட்டிலும் அதே ஏற்பிதான். மூக்கு திறந்தது, கீழே வாசல் இறுகியது. அவர் ஏற்கெனவே டாம்சுலோசின் சாப்பிடுகிறார் என்றால், அது அதே வாசலைத் தளர்த்தும் மருந்து. அதாவது ஒரு மாத்திரை திறக்க, இன்னொன்று சாத்த!

இனி அடைத்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு எடுக்க வேண்டியிருக்கும். டாம்சுலோசின் தொடங்கிய புதிதில் எழுந்து நின்றால் தலை சுற்றலாம். ராத்திரி கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். சளிக்கு அடுத்த முறை ஆவி பிடித்தாலே போதும்.