ஹோர்ட்டன் சமவெளிச் சுற்று: ஒன்பது மணிக்குப் போனால் பனிமூட்டம்தான் மிச்சம்

கேள்வி: பெப்ரவரியில் குடும்பத்தோடு நுவரெலியாவில் தங்குகிறோம். அம்மாவுக்கு 62 வயது, இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். மகனுக்கு 9. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு பார்த்து முழுச் சுற்றையும் நடந்து வரலாமா? காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு 9 மணிக்குக் கிளம்பினால் போதுமா?

பதில்: நடந்து வரலாம். 9 மணி என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

உலக முடிவில் நிலம் சட்டென்று ஏறத்தாழ 870 மீட்டர் கீழே விழுகிறது. காலை வெயிலில் கீழ்நாடு சூடாக, ஈரக் காற்று அந்த மலைச்சுவரோடு மேலே ஏறிக் குளிர்ந்து முகிலாகிறது. அநேகமாக 9, 10 மணிக்குள் விளிம்பு மூடிவிடும். அதற்குப் பிறகு போனவர்கள் படம் பிடித்து வருவது வெள்ளைச் சுவரைத்தான். பெப்ரவரி நல்ல மாதம், ஆனால் நல்ல மாதத்திலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆகவே அதிகாலை 4.45க்கு வேன் புறப்படட்டும். அம்பேவல, பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ 32 கிலோமீட்டர். வளைவுகள் அதிகம், ஒன்றேகால் மணி நேரமாவது பிடிக்கும். பட்டிப்பொல வாசலில் அனுமதிச் சீட்டு வாங்கி, மேலும் சில கிலோமீட்டர் உள்ளே ஓடினால் ஃபார் இன். நடை தொடங்குவது அங்கேதான். கழிப்பறையும் சிற்றுண்டிச்சாலையும் அங்கே உண்டு, நடைபாதையில் இல்லை. அம்மாவுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஃபார் இன்னில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகக் கூடாது. பிஸ்கட் உறை, மிக்சர் பாக்கெட் எல்லாம் வெளியே வரும், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூடக் கிழித்து எடுப்பார்கள். வரிசையில் நின்று தின்பண்டங்களைக் கடதாசிக்கு மாற்றிக்கொண்டிருந்தால் 15 நிமிடம் போய்விடும். முதல் நாள் இரவே இடியப்பத்தையோ பாணையோ டிபன் டப்பாவில் எடுத்து வையுங்கள். சம்பலை வாழையிலையில் மடித்தால் போதும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லீட்டர். வழியில் ஓடை தெளிவாக ஓடும், குடிக்க வேண்டாம்.

சுற்று மொத்தம் ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர், உங்கள் குடும்பத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். கொஞ்சத் தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று சின்ன உலக முடிவு என்ற இன்னொரு பள்ள விளிம்புக்கு, மற்றது பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு. இரண்டும் பின்னால் சேர்ந்துவிடுவதால் எதில் போனாலும் ஒன்றுதான் என்பார்கள். ஒன்றல்ல. சின்ன உலக முடிவுப் பக்கம் முதலில் போங்கள். அருவியைப் பனிமூட்டத்திலும் பார்க்கலாம், பள்ளத்தைப் பார்க்க முடியாது. 6.45க்கு நடக்கத் தொடங்கினால் நின்று நின்று போனாலும் எட்டரைக்குள் பெரிய உலக முடிவில் இருப்பீர்கள். இரண்டு இடங்களிலும் விளிம்பெங்கும் வேலி இருக்குமென்று நம்ப வேண்டாம். மகனின் கை உங்கள் கையில் இருக்கட்டும். படம் எடுப்பது வேறொருவர் வேலை.

புல்வெளியில் பாதை அகலம், ஏற்றமும் பெரிதில்லை. காட்டுக்குள் நுழைந்ததும் வேர்கள் தரைக்கு மேலே பின்னிக் கிடக்கும். காற்றுக்கு வளைந்து குட்டையாகிப்போன மரங்கள், கிளைக்குக் கிளை பாசி. அண்ணாந்து பார்த்தபடி நடந்து தடுக்கி விழுவது இங்கேதான். சில இடங்களில் மழைநீர் பாதையை ஓடை போலக் குடைந்து, உதிரிக் கற்களை மட்டும் விட்டிருக்கும். இறங்கும்போது உருளும். தேய்ந்த அடியுள்ள சப்பாத்து வேண்டாம், செருப்பு வேண்டவே வேண்டாம்.

முழங்காலுக்குச் சோதனை பேக்கர் நீர்வீழ்ச்சியில். அருவி 20 மீட்டர்தான், ஆனால் அதன் முன்னே போய் நிற்கச் செங்குத்தாக இறங்கி, அதே வழியில் ஏற வேண்டும். ஈரத்தில் வழுக்கும். அம்மா மேலேயே உட்காரட்டும், நீங்களும் மகனும் இறங்கிப் பாருங்கள். ஒரு கைத்தடி இருந்தால் இறக்கத்தில் முழங்காலின் பாரம் குறையும். உலக முடிவுக்குள்ளேயே வலி வந்துவிட்டால் சுற்றை முடிக்கும் வீம்பு வேண்டாம்: வந்த வழியே திரும்பினால் ஏறத்தாழ 4 கிலோமீட்டர், அருவிப் பக்கம் போனால் ஐந்துக்கு மேல்.

2,100 மீட்டர் உயரம் என்பதால் முதல் அரை மணி நேரம் கொஞ்சம் மூச்சு வாங்கும். மெதுவாக நடந்தால் சரியாகிவிடும். பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனிகூட இருக்கலாம். ஸ்வெட்டர், காது மூடும் தொப்பி தேவை. பத்து மணிக்கு அதே ஸ்வெட்டர் இடுப்பில் கட்டியிருக்கும், புல்வெளியில் நிழலே கிடையாது, வெயில் சுள்ளென்று அடிக்கும். பலர் காலைக் குளிரை நம்பித் தொப்பியும் சன் கிரீமும் இல்லாமல் வந்து மாலையில் மூக்குத் தோல் உரிந்து நிற்பார்கள்.

ஃபார் இன் வாகனத் தரிப்பிடத்தில் மரை மான் ஒன்று ஆட்களுக்குப் பழகி நெருங்கி வரலாம். மகன் பாண் நீட்டப் பார்ப்பான், விடாதீர்கள். கொம்புள்ள ஆண் மரை சாதுவாக நிற்பதுபோல் இருந்து தலையை ஒரு வீசு வீசினால் பிள்ளையின் முகத்துக்குத்தான் வரும்.