கபடியை விட்ட மகள்: சோம்பலா, சோகையா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்குப் பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். என் மகளுக்கு 14 வயது. எட்டாவது வரை ஊர் நடுநிலைப் பள்ளியில் கபடி ஆடினாள். வெளியூர்ப் போட்டிகளுக்கெல்லாம் போய் வந்திருக்கிறாள். இப்போது ஒன்பதாவதுக்கு பாலக்கோட்டுக்கு பஸ்ஸில் போகிறாள். பள்ளி திறந்ததிலிருந்து மைதானம் பக்கமே போவதில்லை. கேட்டால் முட்டி வலிக்குது, மூச்சு வாங்குது என்கிறாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு, வேலை எல்லாம் கிடைக்கும் என்று பி.டி. சார் சொல்லியும் அசையவில்லை. போன வருஷம் வயதுக்கு வந்தாள். அதிலிருந்து என் மாமியார், "பொம்பளப் புள்ளைக்கு இனி என்ன ஆட்டம்" என்கிறார். இது ரத்தக் குறைவா, சோம்பேறித்தனமா? கட்டாயப்படுத்தி அனுப்பலாமா?

பதில்: சோம்பேறித்தனம் என்ற பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம் அம்மா. வெளியூர்ப் போட்டி வரை போன பிள்ளை ஒரே கோடை விடுமுறையில் சோம்பேறியாகிவிட மாட்டாள். உடம்பை முதலில் பார்த்துவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

மூச்சு வாங்குகிறது என்று அவள் சொல்வதை நம்புங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருந்தது. மாதவிலக்கு தொடங்கிய முதல் ஓரிரு வருஷம் ரத்தப்போக்கு ஒழுங்கில்லாமல், சிலருக்கு அதிகமாகவும் இருக்கும். உடம்பும் அதே நேரத்தில் மளமளவென்று வளர்கிறது. இரும்புச்சத்து இரண்டு பக்கமும் செலவாகிறது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் சோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையான சோகை. 10 இருக்கும் பெண்ணுக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ரெய்டுக்குப் பாடிக்கொண்டு போனால் பாதிக் கோட்டிலேயே மூச்சு முட்டிவிடும். கபடியில் மூச்சுதானே மூலதனம்!

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே ரத்தம் பார்த்துவிடலாம். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா என்றும் கேளுங்கள். வயிற்றைப் பிரட்டுகிறது என்று ஜன்னல் வழியாக வீசிவிடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். தவிர, வாரம் ஒரு மாத்திரை சோகை வராமல் காப்பதற்கு. வந்துவிட்டால் டாக்டர் சொல்லும் அளவில் தினமும், குறைந்தது மூன்று மாதம் சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரையோடு டீ மட்டும் கூடாது, அது இரும்பைச் சேரவிடாது. நம் பக்கத்துக் கேழ்வரகுக் களிக்கும் கீரைக்கும் கூட ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சம்பழமோ சேர்த்தால் அவற்றில் உள்ள இரும்பு நன்றாக உடம்பில் ஏறும்.

முட்டி வலி. முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழே, எலும்பு லேசாகப் புடைத்திருக்கும் இடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே சுள்ளென்று வலித்தால் பெரும்பாலும் வளரும் வயதில், ஓடிக் குதிக்கிற பிள்ளைகளுக்கு வருகிற வலிதான். சில வாரம் குதிப்பதைக் குறைத்து, தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் அடங்கும். முட்டி வீங்கினாலோ, இரவில் வலி எழுப்பினாலோ நேரில் காட்டுங்கள். நம் தர்மபுரி மாவட்டத்தில் குடிதண்ணீர் ஃபுளோரைடையும் கேட்காமல் விட முடியாது. போர் தண்ணீரா, ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரா? போர் தண்ணீர் என்றால் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். எலும்பைப் பிடிக்கிற அளவு பாதிப்பு வருவதற்குப் பல வருஷங்கள் ஆகும் என்பதால், இவள் முட்டிக்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு வந்திருந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அதுவரை ஆட்டம் வேண்டாம்.

சரி, ரத்தமும் முட்டியும் நன்றாகவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் போக மாட்டேன் என்றால்?

பிள்ளைகள் ஏன் ஆடுகிறார்கள் என்று கேட்டால் பெரியவர்கள் ஆரோக்கியம், கோப்பை, வேலை என்போம். பிள்ளைகளைக் கேட்டால் ஜாலியாக இருக்கும், என் செட்டு அங்கேதான் இருக்கிறது என்பார்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பல காலம் ஆராய்ந்தவர்கள். நானே விரும்பிச் செய்கிறேன், எனக்கு இது வருகிறது, இங்கே நான் வேண்டியவள் என்ற மூன்று உணர்வும் இருந்தால் மனிதர் ஒரு காரியத்தை விடாமல் செய்வார் என்பது அவர்கள் முடிவு. உங்கள் மகள் விஷயத்தில் மூன்றாவது முதலில் போயிருக்கலாம். ஊர்ப் பள்ளியில் அவள்தான் ரெய்டர், கூட ஆடியவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். புதுப் பள்ளியில் ஏற்கெனவே ஒரு டீம் இருக்கும். இவள் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற பெண். 14 வயதில் அதுவே பெரிய அடி.

அப்புறம், எந்தப் பெண்ணும் அம்மாவிடம் கூடச் சட்டென்று சொல்லாத காரணங்கள். ஷார்ட்ஸ், டி-ஷர்ட் போட்டு ஆடும்போது பையன்கள் பார்த்துச் சிரித்திருக்கலாம். மாதவிலக்கு நாளில் கறை தெரிந்துவிடுமோ என்ற பயம் இருக்கலாம். பேட் மாற்றத் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை இருக்கிறதா என்று பள்ளிக்குப் போனால் ஒரு தடவை நீங்களே பாருங்கள். மார்பு வளரும் வயதில் ஓடினால் அசையும், வலிக்கும், கூச்சமாகவும் இருக்கும். இங்கிலாந்தில் 2,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது ஏறக்குறைய பாதிப் பேர், மார்பு சம்பந்தப்பட்ட தொந்தரவு தங்கள் விளையாட்டைப் பாதிக்கிறது என்றார்கள். இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று வாங்கிக் கொடுத்தாலே சில பெண்கள் மைதானத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். மருந்துச் சீட்டில் எழுத முடியாத வைத்தியம் இது.

இவள் மட்டும் இப்படி இல்லை. 2016-ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேருக்குத் தேவையான அளவு உடல் அசைவு இல்லை. பையன்களில் 78 சதவீதம். இரண்டுமே மோசம்தான்.

கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை. பி.டி. சார் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் தினமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் ஆட்டம் இன்னொரு டியூஷன் ஆகிவிடும். 1971-ல் டெசி ஒரு சோதனை செய்தார். கல்லூரி மாணவர்களுக்குப் புதிர்கள் கொடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்தார். காசை நிறுத்தியதும் அந்தக் குழு ஓய்வு நேரத்தில் புதிர் பக்கம் போவது முன்பைவிடக் குறைந்துவிட்டது. நம் ஊர் அப்பா அம்மாக்களும் பிரியத்தில் இதையேதான் செய்கிறோம்.

"ஏன் போகல?" என்று கேட்காதீர்கள். அது குற்றம் சாட்டுவது போல இருக்கும், "சும்மா" என்றுதான் பதில் வரும். பாத்திரம் கழுவும்போதோ, தலை பின்னும்போதோ, முகம் பார்க்காமல், "அந்த ஸ்கூல்ல கபடி எப்படி நடக்குது? யாரெல்லாம் ஆடுறாங்க?" என்று ஆரம்பியுங்கள். இடையில் புத்தி சொல்லாதீர்கள். மைதானத்தில் யாராவது, ஆசிரியராகவே இருந்தாலும், தொடக்கூடாத விதத்தில் தொட்டார்களா, பேசினார்களா என்பதையும் ஒருநாள் கேட்டுவிடுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம். ஆட்டத்தில் மட்டுமல்லாமல் சாப்பாடு, தூக்கம், தோழிகள் எதிலுமே ஈடுபாடு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். அதற்கு 14416-ல் இலவச ஆலோசனை கிடைக்கும்.

உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஓடினால் கர்ப்பப்பை இறங்காது, பிற்காலத்தில் பிள்ளை பிறப்பதற்குத் தடை வராது. மாதவிலக்கு நாளில் ஆடினாலும் கெடுதல் இல்லை, சிலருக்கு வயிற்று வலி குறையவும் செய்யும். வேகமாக வளரும் ஏறக்குறைய இரண்டு வருஷத்தில்தான், பெரியவளான பிறகு இருக்கப்போகும் எலும்புச் சத்தில் நான்கில் ஒரு பங்கு சேர்கிறது. இந்தச் சமயத்தில் குதிக்காமல் உட்கார்ந்திருந்தால் 60 வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இது அவருக்குச் சட்டென்று புரியும் என்று நினைக்கிறேன். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது அதில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவின் வீடியோவை போனில் காட்டுங்கள். பாட்டிகள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் கட்சி மாறுவார்கள்.

பி.டி. சாரைப் பார்க்கும்போது கோட்டாவைப் பற்றிப் பேசாமல், முதல் மாதம் டீமில் சேர்க்காவிட்டாலும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளவும், அவள் வகுப்புத் தோழி ஒருத்தியையும் கூடக் கூப்பிடவும் கேளுங்கள். பயிற்சி முடிந்து எந்த பஸ்ஸில் வருவாள் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். நான் பார்த்தவரை நம் கிராமத்துப் பெண்களின் ஆட்டத்தை நிறுத்துவது பாதி நேரம் அந்தக் கடைசி பஸ்தான்.

இத்தனைக்குப் பிறகும் கபடி வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இந்த வயதுக்குத் தினமும் சராசரி 60 நிமிடம் மூச்சிரைக்கிற அசைவு வேண்டும். அது ஸ்கிப்பிங்காகவோ, சைக்கிளாகவோ, பூப்பந்தாகவோ இருக்கலாம். எது என்பதை அவளே முடிவு செய்யட்டும். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள், மாத்திரை அளவை அதன்பின் பேசலாம்.