கொடியும் கூடுதல் தண்டனையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் கொடி எரிப்பு பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். வேறொரு குற்றம் செய்கிறவன் கூடவே தேசியக் கொடியையும் எரித்தால் தண்டனையைக் கூட்ட வேண்டும் என்று அங்கே சட்டம் கேட்கிறார்கள். கொடி எரிப்பை மட்டும் தனியாகத் தண்டிக்க முடியாததால் பிடித்த ‘குறுக்குவழி’ என்று அதை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். சும்மா நின்று கொடியை எரிப்பவனை அந்தச் சட்டம் தொடவில்லையே. கடைக் கண்ணாடியை உடைக்கிறவனைத்தானே பிடிக்கிறது? அவனுக்கு எதற்கு இரக்கம்?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

அவன்மேல் எனக்கு இரக்கம் ஒன்றும் இல்லை. கண்ணாடியை உடைத்ததற்கு உள்ளே போகட்டும். அதற்கு மேல் போடும் மாதங்கள் எதற்காக என்பதுதான் என் கேள்வி. நம் நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது இடத்தில் கொடியை எரித்தாலே மூன்றாண்டு வரை சிறை. அதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது.

1984இல் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்தபோது வெளியே எதிர்ப்பு ஊர்வலம் போனவர்களில் ஒருவர், ஒரு கட்டடத்தின் கம்பத்திலிருந்து கொடியைப் பிடுங்கி கிரிகரி லீ ஜான்சனிடம் கொடுத்தார். ஜான்சன் அதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். யாருக்கும் காயமில்லை. கூட்டம் போனபிறகு ஒருவர் எரிந்த மிச்சத்தைப் பொறுக்கிக் கொண்டுபோய்த் தன் வீட்டுக் கொல்லையில் புதைத்தார். இந்த வழக்கில் என் மனதில் தங்கியவர் அவர்தான். ஜான்சனுக்கு ஓராண்டு சிறை, 2000 டாலர் அபராதம். கொடியை எரிப்பதும் கருத்தைச் சொல்லும் ஒரு வழிதான் என்று சொல்லி, 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு நீதிபதிகள் என்ற கணக்கில் அந்தத் தண்டனை செல்லாது என்றது. அது திருட்டுக் கொடி என்பதைக் கவனியுங்கள். ஆனால் டெக்சாஸ் அரசு அவர்மேல் போட்டது கொடியை அவமதித்த வழக்கு மட்டும்தான்.

உங்கள் பக்கத்துக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு, நீங்கள் எழுதவில்லை, நானே சொல்கிறேன். 1993இல் விஸ்கான்சின் மாநிலத்து வழக்கு ஒன்று. வெள்ளைக்காரப் பையன் என்பதற்காகவே ஒருவனைத் தேர்ந்தெடுத்து அடித்திருக்கிறார்கள். அதற்குக் கூடுதல் தண்டனை செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் சொன்னார்கள். சரி, அங்கே அடிபட்ட ஆள் ஒருவன் இருந்தான். எதற்காக அவனை அடித்தார்கள் என்பது அந்த அடியோடு சேர்ந்தது. கொடியை எரித்ததால் கடைக்காரருக்கு இன்னொரு கண்ணாடி உடைவதில்லையே?

ஜான்சனை விடுவித்த ஐந்து நீதிபதிகளில் ஒருவரான ஸ்காலியா பெரிய பழமைவாதி. நான் ராஜாவாக இருந்தால் கொடியை எரிக்கிறவர்களை ஜெயிலில் போட்டிருப்பேன், ஆனால் நான் ராஜா இல்லையே என்று பிற்பாடு மேடைகளில் சொல்வார். 1992இல் வேறொரு தீர்ப்பில் அவரே கோட்டைப் போட்டுக் காட்டினார்: திறந்தவெளியில் தீ மூட்டக் கூடாது என்ற விதியை மீறிக் கொடியை எரித்தால் தண்டிக்கலாம், கொடியை அவமதிக்கக் கூடாது என்ற விதிப்படி தண்டிக்க முடியாது. எரிவது கொடியா கோணியா என்று தீயணைப்பு விதி பார்ப்பதில்லை.

இன்னொன்று. நைந்துபோன கொடியை மரியாதையாக எரித்துவிடுங்கள் என்றுதான் அமெரிக்கக் கொடி விதியே சொல்கிறது. ஆக, நெருப்பில் குற்றமில்லை. எரிப்பவன் மனதில் என்ன இருக்கிறது என்பதற்குத்தான் இந்தக் கூடுதல் மாதங்கள்.

2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாக்கிய கும்பலில் ஒருவன், அமெரிக்கக் கொடி கட்டிய கம்பாலேயே ஒரு போலீஸ்காரரை அடித்தான். அந்தக் கொடி எரியவில்லை. நீங்கள் ஆதரிக்கும் சட்டத்தில், அடித்தவனுக்கு அந்தக் கொடிக்காகத் தண்டனை ஒரு நாள்கூட அதிகமாகாது.