ட்ரிஸ்குவலா, டெபியனா: கடை லேப்டாப்பில் எதைப் போடுவது?

கேள்வி: ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். 2017-இல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது, 11 ஏறாது என்கிறது. முழுக்கக் கட்டற்ற மென்பொருளான ட்ரிஸ்குவல்தான் போட வேண்டும், மற்றதெல்லாம் சமரசம் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். கம்ப்யூட்டர் கடைக்காரர், உபுண்டு போட 'லைசென்ஸ்' சேர்த்து 2,500 ரூபாய் கேட்கிறார். எதைப் போடட்டும்? வைஃபை, பிரிண்டர் ஓடுமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: டெபியன் 13 போடுங்கள். ட்ரிஸ்குவல், உபுண்டு, டெபியன் மூன்றுமே விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் இயங்குதளங்கள். ஆனால் முதலில் கடைக்காரரைக் கவனித்துவிடுவோம். உபுண்டுவுக்கு லைசென்ஸ் காசு கிடையாது. போட்டுக் கொடுக்கும் உழைப்புக்குக் கூலி கேட்டால் நியாயம், கொடுங்கள். கட்டற்ற மென்பொருள் என்றால் யாரும் பயன்படுத்த, பார்க்க, மாற்ற, பகிர உரிமை தருவது; அதைக் காசுக்கு விற்கவே கூடாது என்றும் எங்கும் சொல்லவில்லை. லைசென்ஸ் என்று சொல்லி வாங்குவதுதான் ஏமாற்று. 'உபுண்டு ப்ரோ சந்தா' என்று பெயரை மாற்றிச் சொன்னாலும் மயங்க வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு ஐந்து கணினி வரை அதுவும் இலவசம். கூடவே ஆன்டிவைரஸும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வேண்டாம்.

இப்போது மகள் சொல்வது. வைஃபை சிப் வேலை செய்ய, ஃபர்ம்வேர் என்ற சின்ன மென்பொருளைக் கணினி அதற்குள் ஏற்ற வேண்டும். உங்கள் லேப்டாப்பில் இருக்க அதிக வாய்ப்புள்ள இன்டெல் சிப்புக்கு அந்த ஃபர்ம்வேர் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அதை எழுதிய மூல நிரல் (சோர்ஸ் கோடு) கிடைப்பதில்லை. ட்ரிஸ்குவலின் மையப் பகுதியான லினக்ஸ்-லிப்ரே கெர்னல் இப்படிப்பட்ட மூடிய ஃபர்ம்வேரை ஏற்றவே ஏற்றாது. ஆக, வைஃபை கிடையாது. இதே ஃபர்ம்வேரைத் தொழிற்சாலையிலேயே சிப்புக்குள் நிரந்தரமாகப் பதித்திருந்தால், ட்ரிஸ்குவலைப் பரிந்துரைக்கும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை (FSF) அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கண்ணில் படாத மூடிய நிரல் பரவாயில்லை, கண்ணில் பட்டால் குற்றமா?

டெபியன் இந்த விஷயத்தில் நேர்மையாக நடந்துகொண்டது என்பேன். 1997-லேயே சமூக ஒப்பந்தம் எழுதிக் கொள்கையை வகுத்தவர்கள் அவர்கள். வெகுகாலம் ஃபர்ம்வேரை அதிகாரப்பூர்வ நிறுவியில் (இன்ஸ்டாலரில்) சேர்க்காமல் பயனரைத் தவிக்கவிட்டார்கள். 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த டெபியன் 12-லிருந்து சேர்த்தார்கள். அதுவும் தனிப் பிரிவாக. எது கட்டற்றது, எது அல்ல என்று மகள் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். அறக்கட்டளையின் பரிந்துரைப் பட்டியலில் டெபியன் இல்லை என்று அவர் சொன்னால், உண்மைதான்.

உங்கள் கடைக்கு உண்மையான சிக்கல் பிரிண்டர். கொள்கை பேசுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. எச்பி லேசர்ஜெட் 1020 வைத்திருந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அதற்கு ஃபர்ம்வேர் அனுப்ப வேண்டும். அதற்கு எச்பிலிப் என்ற மென்பொருளோடு மூல நிரல் வெளியிடாத ஒரு பிளகின்னும் (துணை மென்பொருளும்) தேவை. எச்பிலிப் புதுப்பிக்கப்பட்டால் பிளகின்னையும் அதே பதிப்புக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் காலையில் வாடிக்கையாளர் காத்திருக்க, பிரிண்டர் சும்மா நிற்கும். கேனான் 2900 என்றால் இன்னும் கஷ்டம். கேனானின் லினக்ஸ் டிரைவர் பழசு, அதோடு மல்லுக்கட்ட வேண்டும். இது பிழைப்புக்கான பிரிண்டர் என்றால், அது ஓடுகிறதா என்று பார்க்காமல் விண்டோஸை அழிக்காதீர்கள். அடுத்து வாங்கும்போது ஏர்பிரிண்ட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், பெரும்பாலும் டிரைவரே கேட்காது.

இன்னொன்று. டைப்பிங் கடை என்றால் பாமினியிலும் வானவில்லிலும் அடித்த பழைய கோப்புகள் குவிந்திருக்கும். அந்த எழுத்துருக்களை நகலெடுத்துப் போட்டால் லிப்ரே ஆபீஸில் திறக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துத் தரமான யூனிகோடைத் தமிழக அரசே 2010-இல் தரமாக ஏற்றது. இத்தனை வருடம் கழித்தும் 'வானவில்லில் அடித்துக் கொண்டு வா' என்று ஆளைத் திருப்பி அனுப்புகிற மேசைகள் இருக்கின்றன. அவர்களுக்கு எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போட்டுத் திருத்துவது?

சரி, செய்ய வேண்டியது இதுதான். கடைக்காரர் கொடுக்கும் பென் டிரைவை நம்பாமல் டெபியன் தளத்திலிருந்தே, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கக்கூடிய 'லைவ்' பதிப்பை இறக்குங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸின் சொந்தத் தளத்துக்குள்ளேயே ஆள் புகுந்து, ரகசியமாக உள்ளே நுழையப் பின்கதவு வைத்த பதிப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டான். அதனால் இறக்கியது அசல்தானா என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்க்க வேண்டும். அந்த வேலையை மகளிடம் விடுங்கள், கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் இதைப் பிரியமாகவே செய்வார்கள். பென் டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றையும் சோதியுங்கள். கடைக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்து, இன்னொரு கணினியில் திறந்து பார்த்த பிறகு நிறுவுங்கள். வேறு யாராவது நிறுவிக் கொடுத்தாலும், பாஸ்வேர்டை மட்டும் உங்கள் கையாலேயே போடுங்கள்.