பேஸ்மேக்கர் வைத்த பக்கத்துக் கை வீங்குகிறது: வயரைக் கழற்ற வேண்டுமா?

கேள்வி: நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். அப்பாவுக்கு 63 வயது. நான்கு வருடத்துக்கு முன் இடப்பக்க நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இரண்டு கிழமையாக இடது கை வீங்கி, தோளில் நீல நரம்புகள் தெரிகின்றன. வயரால் அடைப்பு, கழற்றத்தான் வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அடைப்பாக இருக்கலாம். ஆனால் கழற்றுகிற கதைக்கு இப்போதே போக வேண்டாம்.

அந்த வயர் காறை எலும்புக்குக் கீழே ஓடும் நாளத்தின் வழியாகத்தான் இதயத்துக்குள் இறங்குகிறது. வருடக்கணக்கில் உட்சுவரில் உரசிக் கிடப்பதால் தழும்பு வளர்ந்து நாளம் ஒடுங்கும். சிலருக்கு இரத்தக் கட்டியும் சேரும். பெரிய வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் பக்கத்து வாய்க்கால்களில் திரும்புவதுபோல, சின்ன நாளங்கள் பருத்து இரத்தத்தைக் கொண்டுபோகும். தோளில் தெரிபவை அவைதான். இப்படி வழி பிறந்துவிடுவதால் பலருக்கு அடைப்பு இருப்பதே தெரியாது.

அப்பாவுக்கு வீக்கம் புதிது, ஆகவே கட்டியும் புதிதாக இருக்கலாம். அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்காமல், பேஸ்மேக்கர் அட்டையோடு இன்றைக்கே மாவட்ட வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். முதலில் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கான். காறை எலும்பு மறைக்கும் இடத்தை அது சரியாகக் காட்டாது. தேவைப்பட்டால் சாயம் ஏற்றி சிடி எடுப்பார்கள். சாயத்துக்கு முன் கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை) பார்க்க வேண்டும், வன்னியில் சிறுநீரக நோயாளிகள் அதிகம். உடம்பில் எறிகணை (செல்) துண்டு ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

புதுக் கட்டி என்றால் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து, குறைந்தது 3 மாதம். அந்த மருந்து வோபரின் என்றால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் சோதனை அளவு) பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். கை நோவுக்கென்று கடையில் டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், இரத்தக் கசிவு வரும். பேஸ்மேக்கர் தன்பாட்டில் வேலை செய்யும்.

மருந்துக்கும் அடங்காவிட்டால்தான் பலூன் வைத்து நாளத்தை விரிப்பது. நாளம் திரும்ப ஒடுங்காமல் உள்ளே வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு: வயரைச் சுவரோடு நசுக்கி மேலே ஸ்டென்ட் போட்டால், நாளைக்கு வயரில் கிருமி பிடித்தால் அதை எடுப்பது மிகவும் கஷ்டம். அதனால் பொதுவாக முதலில் வயரை எடுத்து, ஸ்டென்ட் வைத்து, பிறகு புது வயர். ஒட்டிப்போன பழைய வயரை இழுக்கும்போது நாளமோ இதயமோ கிழியலாம். இதய சத்திரசிகிச்சை வசதி உள்ள இடத்தில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது.

முகமும் கழுத்தும் வீங்கினால், குனியும்போது தலை கனத்தால், மூச்சு முட்டினால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். காய்ச்சலோ, பேஸ்மேக்கர் வைத்த இடத்தில் சிவப்போ இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். வார்டில் இடது கையில் சேலைன் ஏற்ற வந்தால், மற்றக் கையில் போடச் சொல்லுங்கள்.